இடது முன் சக்கரம்

கிளிஃபர்டின் பழைய எஸ்டீம் பந்தயக் கார் பதின்மூன்று வருடமாக சாந்தோம் வீட்டுக் கொட்டகையில், தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதை வெளியே எடுக்கச் சொன்னது பாலு. வேறு யார் சொல்லியிருந்தாலும் கிளிஃபர்ட் கேட்டிருக்க மாட்டான்.

2012 பிப்ரவரியில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பந்தயத் தடத்தில், ஆறாவது சுற்றில் அந்தக் கார் வளைவில் திரும்பாமல் நேரே போய் டயர்ச் சுவரில் மோதியது. சுவருக்குப் பின்னால் மஞ்சள் கொடியோடு நின்றிருந்தவன் பாலு. கோடம்பாக்கத்தில் சினிமா லைட்மேன். பந்தயம் என்றால் பித்து, அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கொடி பிடிக்க வருவான். தெறித்து வந்த டயர்கள் அவன் வலது முழங்காலை நொறுக்கின. கிளிஃபர்டுக்கு இரண்டு விலா எலும்போடு போயிற்று. பாலு அதற்குப் பிறகு ஏணி ஏறவில்லை. லைட் வாடகைக்கு விடும் ஒரு கிடங்கில் உட்கார்ந்த இடத்து வேலை கிடைத்தது.

"பிரேக்க லேட்டா புடிச்சுட்டடா" என்று ஆஸ்பத்திரியில் சொன்னவன் ராகவேந்திரன். இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து கூட வந்த நண்பன், மயிலாப்பூர்க்காரன். காரைத் தயார் செய்வது ராகு, ஓட்டுவது கிளிஃபர்ட், அப்படித்தான் இருவரும் ஏழு வருடம் பந்தயத்துக்குப் போனார்கள். வழக்கமான இடத்தில்தான் பிரேக்கை மிதித்ததாக கிளிஃபர்டுக்கு ஞாபகம். ஆனால் ராகு அந்த வளைவுக்கு எதிரே நின்று பார்த்தவன். தன் காலைவிட ராகுவின் கண்ணை நம்பினான் கிளிஃபர்ட். தப்பு என்னுடையது என்று பந்தயம் நடத்திய கிளப்புக்கு எழுதிக் கொடுத்தான். பந்தய லைசென்ஸையும் சேர்த்தே கொடுத்தான். பிறகு ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் ஆனான்.

கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் தவறாமல் பாலு வீட்டுக்குப் போவான். இந்த ஈஸ்டரன்று பாலுதான் பேச்சை எடுத்தான். "டிசம்பர்ல பழைய வண்டிங்களுக்குன்னே ஒரு ரேஸ் வெக்கிறாங்களாம் சார். உன் வண்டி இன்னும் கீதா?"

"கெடக்குது."

"எடுத்து ஓட்டு. நான் சொல்றேன்ல."

மே விடுமுறை தொடங்கியதும் கிளிஃபர்ட் தார்ப்பாயை இழுத்துப் போட்டான். சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. வயர்களில் பாதியைத் தின்றும் வைத்திருந்தது. பெட்ரோல் டேங்கின் அடியில் தேன்பாகு மாதிரி ஏதோ. கடற்காற்று கதவுகளின் கீழ் விளிம்பை அரித்திருந்தது. இடது முன் சக்கரம் மோதிய அன்று மடிந்தபடியே கிடந்தது.

விஷயத்தைப் போனில் கேட்ட ராகு, "எத்தன வாட்டி சொன்னேன், காயலான் கடைல போடுன்னு. சரி, ஆரம்பிச்சுட்ட. முன்பக்கம் அடிபட்டது. அதுல நீ கை வெக்காத, நான் வந்து பாத்துக்கறேன். நீ இன்ஜின், வயரிங் பாரு" என்றான்.

சனி, ஞாயிறுகளில் வந்தான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். ரேடியேட்டரை மாற்றினார்கள். மூன்றாவது வாரம் இன்ஜின் இருமி இருமிக் கிளம்பியது. சத்தம் கேட்டு கிளிஃபர்டின் மனைவி ஐவி அடுக்களை ஜன்னலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள். முன்பக்கத்தை மட்டும் ராகு அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனான். அவனுக்கு முதுகு வலி. தரையில் படுத்து வேலை செய்யப் பயப்படுகிறான் என்று கிளிஃபர்ட் நினைத்தான். ராகு வேலை விஷயமாக பெங்களூர் போன வாரத்தில், அவன் திரும்பி வருவதற்குள் அந்த வேலையை முடித்து வைத்துவிடலாம் என்று ஜாக்கியை எடுத்தான்.

முதலில் வலது பக்கம். சக்கரத்தைக் காரின் உடலோடு பிணைக்கும் இரும்புக் கை, லோயர் ஆர்ம் என்பார்கள், எளிதாகக் கழன்று வந்தது. புதுசு. தயாரித்தவர்களின் ஸ்டிக்கர்கூட உரியவில்லை. பந்தயத்துக்கு முந்தின நாள் ராகு சொன்னது ஞாபகம் வந்தது: ரெண்டு ஆர்மும் புதுசு போட்டாச்சு, தைரியமா ஓட்டு.

இடது பக்கத்து ஆர்ம் இரண்டு துண்டாக வந்தது. மோதலில் உடைந்தது, அது தெரிந்ததுதான். கறுப்புப் பெயின்ட் கனமாக அப்பியிருந்தது. சும்மா கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். பெயின்ட் உரிந்ததும் உடைந்த விளிம்பை ஒட்டி, புழு ஊர்ந்த தடம் போல வெல்டிங் தெரிந்தது. மோதியதில் உடைந்த இரும்புக்கு, மோதுவதற்கு முன்பே வெல்டிங் வைத்து, அதன் மேல் பெயின்டும் அடித்திருந்தது. வளைவில் இது முதலில் விட்டுப்போனதால்தான் கார் திரும்பவில்லை. கிளிஃபர்ட் அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தான். சாப்பிட வரச்சொல்லி ஐவி இரண்டு தடவை கூப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை ராகு வந்தபோது இரண்டு ஆர்ம்களும் மேஜை மேல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பார்த்தவன் உட்காரவில்லை.

"தொடாதேன்னு சொன்னேனோல்லியோ" என்றான்.

"ரெண்டும் புதுசுன்னும் சொன்ன."

"ஒண்ணுதான் கெடச்சுது. இன்னொண்ணு திங்கக்கிழமதான் வரும்னான். பழசுல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். வெல்டு வெச்சேன். எட்டு லாப் தாங்கும்னு நெனச்சேண்டா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ ஓட்டியிருக்க மாட்டே."

"ஆமா. ஓட்டியிருக்க மாட்டேன்."

ராகு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அந்தப் பையன் காலப் பாத்தப்பறம் எனக்கு வாயே வரல. போலீஸ், ஜெயிலுன்னு பயந்துண்டே இருந்தேன். ஒரு வாரம் போகட்டும், சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீயே என் தப்புன்னு எழுதிக் குடுத்துட்ட."

"நீ சொன்னதத்தான் எழுதிக் கொடுத்தேன்."

"மனசுக்குள்ளயே வெச்சுண்டு என்னாலயும் முடியலடா. அதான் ஐவிகிட்ட…" அங்கேயே நிறுத்திவிட்டான். நிறுத்தியதால்தான் கிளிஃபர்டுக்குப் புரிந்தது.

ராகுவைக் கொட்டகையில் விட்டுவிட்டு உள்ளே போனான். ஐவி சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எப்ப சொன்னான்?"

"உங்க அப்பா தவறின வருஷம். ஏழு வருஷம் ஆகுது. இங்கதான், இந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதாரு."

"நீ ஏன் சொல்லல?"

அவள் செதில் ஒட்டிய கைகளைப் பார்த்தாள். "சொன்னா நீங்க மறுபடி ஓட்டப் போயிருப்பீங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நான் நின்னது உங்களுக்குத் தெரியாது. அந்தக் குத்தம் இருக்கற வரைக்கும் நீங்க வீட்டுல இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"வருஷா வருஷம் பாலுவுக்குக் கேக் கட்டிக் கொடுத்தது நீ."

"ஆமா."

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல எத்தன வாட்டி இதச் சொல்லியிருப்பேன், தெரியுமா?"

"தெரியும். நான் பின்னாடி முழங்கால் போட்டிருப்பேன்" என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அழவும் இல்லை. கேட்டிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று கிளிஃபர்டுக்குத் தெரியவில்லை. திரும்பக் கொட்டகைக்கு வந்தபோது ராகு போயிருந்தான்.

திங்கட்கிழமை உடைந்த ஆர்மை நாளிதழில் சுற்றி எடுத்துக்கொண்டு கோடம்பாக்கம் போனான். கிடங்கில் விளக்குகள் வரிசையாக நிற்க, நடுவே பாலு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தான். கிளிஃபர்ட் எல்லாவற்றையும் சொன்னான். ஐவி விஷயத்தை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. பாலு இரும்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத்த எதுக்கு சார் என்கைல காட்ற?"

"உனக்குத் தெரியணும்னுதான்."

"தப்பு பண்ணவன் தேடி வர்றானேன்னு உன்ன மன்னிச்சேன் சார். சும்மா இல்ல. மொத மூணு வருசம் நீ கேக்க எடுத்துக்கினு வர சொல்லோ வயிறு எரியும். நீ போனப்பறம் அந்தக் கேக்க நாய்க்குப் போட்டுருவேன். கொஞ்சங் கொஞ்சமா மனச ஆத்திக்கினேன். இப்ப வந்து, அது நான் இல்ல, வேற ஆளுன்ற."

தன்னை ஏமாற்றியதைப் பற்றி மட்டுமே கிளிஃபர்ட் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்தான். பாலுவிடமிருந்தும் ஒன்று பறிபோயிருக்கிறது என்று அதுவரை தோன்றவில்லை.

"அவர வர சொல்லு" என்றான் பாலு. "போன்ல வேணாம். நேர்ல."

கிளிஃபர்ட் ராகுவுக்கு கிடங்கின் விலாசத்தையும், பாலு வரச் சொல்கிறான் என்ற ஒரு வரியையும் அனுப்பினான். வேறு எதுவும் எழுதவில்லை. ராகு போவதற்கு மூன்று வாரம் ஆனது. போனதைப் பாலுதான் சொன்னான்.

"வந்தாரு. ஒரு மணி நேரம் நிக்க வெச்சேன். உக்கார சொல்லல."

"என்ன சொன்னான்?"

"அத்த நான் வெச்சிக்கிறேன் சார். மன்னிச்சிட்டேன்னுலாம் இல்ல. மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும், எனக்கு வயசாவுது."

கிளிஃபர்ட் காரை விடவில்லை. ஜூன் முழுக்கப் பள்ளி விட்டதும் கொட்டகையில்தான் இருந்தான். இரண்டு பக்கமும் புது ஆர்ம்கள் வாங்கி, பொருத்தும் முன் ஒவ்வொரு அங்குலமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். போல்ட்டுகளை முறுக்கி, தளர்ந்தால் தெரியும்படி ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைக் கோடு போட்டான். இரண்டாவது ஆளின் கண் பார்க்க வேண்டிய வேலை அது. ஆள் இல்லாததால், மறுநாள் காலையில் எழுந்து தானே இரண்டாவது ஆளாக மறுபடி பார்த்தான். ஐவி டீயைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் இடம் இருந்தது.

புது லைசென்ஸ் கைக்கு வந்ததும், ஆகஸ்டில் அதே தடத்தில் ஒரு பயிற்சி நாளுக்குப் பதிவு செய்தான். காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனான். முதல் மூன்று சுற்று மெதுவாகத்தான் போனான். நான்காவதில் வேகம் எடுத்து அந்த வளைவுக்கு வந்தான். அன்று மிதித்ததாக ஞாபகம் இருந்த அதே இடத்தில் பிரேக்கை மிதித்தான். கார் தணிந்து, திரும்பி, வெளியே வந்தது. நேரமும் இடமும் சரியாகத்தான் இருந்தன. பதின்மூன்று வருடமும் அவன் கால் பொய் சொல்லவில்லை. ஹெல்மெட்டுக்குள் யாரும் பார்க்க முடியாத அழுகை வந்தது. அது சந்தோஷம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

தடத்தோரத்தில் வண்டியை நிறுத்தியதும், அங்கே பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஒரு வயதானவர் வந்து குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். "வளைவுல நல்லா உக்காருது தம்பி. யார் ரெடி பண்ணது?"

ராகு என்ற பெயர் பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "நான்தான்" என்றான்.