சூரியன் சும்மா இருந்த நாட்கள்

"செருப்பையாவது கழட்டிட்டு மிதக்கக் கூடாதா? தட்டுல மண்ணு விழுது."

"நேத்து இடுப்பு உயரம்தான், இன்னைக்கு ஆள் உயரம். நாளைக்கு ஃபேனைக் கழட்டி வச்சிடுங்க."

அந்த வீட்டில் பத்தொன்பது வருடங்களாக இதுதான் நடப்பு. ஆண்டுத் தொடக்கத்தில் ஏதோ இரண்டு வாரம், தையல்காரி காலையில் தரையை விட்டு எழும்புவாள், பிற்பகலில் கல்லாகக் கனப்பாள். இன்று எட்டரைக்கு எழும்பினால் நாளை ஒன்பதே காலுக்கு. நிலவு உதிப்பதைப் போல நேரம் தள்ளிக்கொண்டே போகும். அவள் கணவன் வானலை நிலையத்தில் சுருள் படிப்பவன். மேலே அனுப்பிய வானொலி அலை முட்டித் திரும்பும் நேரத்தை வைத்து, அயனி மண்டலம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது காகிதச் சுருளில் கோடாக விழும். அந்த வாரங்களில் கோடும் காலையில் எகிறியது, பிற்பகலில் சரிந்தது. ஆனால் மேலே எது அசைந்தாலும் சூரியன்தான் அசைத்திருக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. சூரியன் சும்மா இருந்த நாளில் கோடு ஆடினால் கோளாறு கருவியில்தான். அவன் 'கருவிப் பிழை' என்று சிவப்பு முத்திரை குத்தி, மாதச் சராசரியை எழுதி வைத்துவிட்டு, வீணான சுருளை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவள் அதில் சட்டைக் கைக்கும் காலருக்கும் அளவு வெட்டிக்கொண்டாள்.

ஏழாம் வருடம், சட்டைக் கம்பெனியில் பிற்பகல் மூன்று மணிக்கு அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி நொறுங்கியது. மறுநாள் இன்னொன்று. "வாயைக் கட்டுங்கக்கா" என்றான் சூப்பர்வைசர். வரிசை முழுக்கச் சிரித்தது. வேலைக்குப் பயந்து நாடகம் போடுகிறாள் என்று எழுதி அவளை நிறுத்தினார்கள். அன்றைக்கு வானமும் இப்படித்தான் இறங்கியது என்று நிலையத்தின் தாளில் ஒரே ஒரு வரி எழுதித் தரும்படி கணவனிடம் கேட்டாள். "சூரியனே சும்மா இருக்கு, உனக்கென்ன?" என்றான் அவன். பிறகு வந்த வருடங்களில், அவள் எழ முடியாமல் சமையலறைத் தரையில் கிடக்கும் பிற்பகல்களில், அவளைச் சுற்றிப் போய்த் தண்ணீர் குடிக்கப் பழகிக்கொண்டான்.

போன வாரம் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. துருவத்துக்கு மேலே, முப்பது கிலோமீட்டர் உயரத்தில், காற்று சில நாட்களுக்குள் வழக்கத்தைவிட ஐம்பது டிகிரி வரை கூடுதலாகச் சூடேறிவிடுகிறதாம். பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நம் வானத்தை அதுதான் காலையில் தூக்கிப் பிற்பகலில் இறக்குகிறதாம். சூரியன் மேலும் தப்பில்லை, கருவி மேலும் தப்பில்லை. பழைய சுருள்கள் அனைத்தையும் அனுப்ப வேண்டும். இல்லாதவர்கள் விளக்கம் தர வேண்டும். அவனுக்கு ஓய்வுபெற இரண்டே மாதம் இருந்தது. நிலையத்தில் சராசரிகள் மட்டும் இருந்தன.

பரணுக்கு நேராக அவள் காலை மடக்கி மிதந்தாள். மடியில் துணி மூட்டை; அதற்குள் பத்தொன்பது வருட வானம், கைகளாகவும் காலர்களாகவும்.

"அதைக் கீழ போடேன். ஒட்டி அனுப்பிடறேன்."

அவள் மூட்டையிலிருந்து ஒரு காகிதச் சட்டைக் கையை உருவி, முத்திரைக்குப் பக்கத்தில் இருந்த தேதியைப் படித்தாள்.

"நாற்காலி உடைஞ்ச நாளு. மூணு மணிக்குக் கோடு எப்படி விழுந்திருக்கு பாருங்க."

அவன் பார்க்கவில்லை. தட்டிலிருந்த மண்ணை விரலால் ஒதுக்கினான்.

"முதல்ல கம்பெனிக்கு ஒரு வரி எழுதுங்க. நான் நடிக்கலைன்னு."

"கம்பெனியை மூடி எட்டு வருஷம் ஆச்சே."

"ஆகட்டும். பேனா மேசையிலதான் இருக்கு. எழுதுங்க."