எப்சியின் சர்க்கரை

பம்மலில் கர்ப்பிணிகளுக்கு நடந்த சர்க்கரைப் பரிசோதனை முகாமின் விவரங்கள் காலையில் என் கைக்கு வந்தன. தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் புள்ளிவிவரம் பார்ப்பது என் வேலை. நூற்று நாற்பதுக்கு மேல் உள்ளவர்களை மட்டும் பிரித்துத் தரும்படி புரோகிராமை ஓட்டினேன். வந்த பெயர்களில் என் தங்கை எப்சியும் இருந்தாள்.

போன வருடம் சர்க்கரை ஏறித்தான் அவளுடைய முதல் குழந்தை தங்காமல் போனது. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். உடனே போன் போட்டு, ஒளித்துவைத்து மாம்பழம் தின்றாயா என்று கத்தினேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மதியத்துக்கு மேல்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. முகாமுக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் பட்டியலில் இருந்தார்கள். அதெப்படி? எப்சியின் வரியைத் திறந்து பார்த்தேன். எண்பத்தாறு.

புரோகிராம் அத்தனை எண்களையும் எழுத்தாக எடுத்துக்கொண்டிருந்தது. எழுத்து என்றால் அகராதி மாதிரி முதலில் இருக்கும் இலக்கத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்தும். ஒன்றுக்குப் பிறகு எட்டு வருவதால், நூற்று நாற்பதைவிட எண்பத்தாறு பெரிதாகிவிட்டது. எண்களுக்கு நடுவே எழுத்து எங்கிருந்து வந்தது என்று தேடினால், முதல் எண்ணுக்கு மேலே இருந்த கட்டத்தில் ஒரு பிள்ளையார் சுழி. அந்த ஒன்றுதான் மொத்த எண்களையும் எழுத்தாக்கியிருந்தது. பம்மலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மோகன்ராஜ்தான் எங்களுக்கு எல்லாவற்றையும் டைப் செய்து தருபவன்.

அந்த வரியை நீக்கி, எல்லாவற்றையும் எண்ணாக மாற்றி மறுபடி பிரித்தேன். ஏழெட்டுப் பேர்தான் மிஞ்சினார்கள். அதில் எப்சி இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மோகன்ராஜை ஒரு பிடி பிடிக்கலாம் என்று கூப்பிட்டேன்.

"எல்லாம் மாசமா கீறவங்க நம்பராச்சேக்கா. நல்லபடியா பெத்துகினு வூடு போய்ச் சேரட்டும்னு போட்டேன்" என்றான்.

இனிமேல் அதைத் தனி ஷீட்டில் போடு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எப்சி முதல் ரிங்கிலேயே எடுத்தாள். கணக்கில்தான் தப்பு, உனக்கு ஒன்றுமில்லை, வெறும் எண்பத்தாறு என்றேன்.

"அப்போ சாப்பிடவா அக்கா? நீ போன் பண்ணதுல இருந்து பயத்துல ஒண்ணுமே சாப்பிடல."

போனில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.