முதல் ஜோடி இறங்கவில்லை

சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் அன்று மாலை இருந்தவர்கள் இவர்கள்: நான், என் மனைவி ஆரோக்கிய ராணி, மகள் ஜூலி, மகன் ஜெபஸ்டின், அவனுக்குப் பேசிய பெண் காயத்ரி, அவள் தகப்பனார் கோவிந்தசாமி, தாயார் பட்டம்மாள். வேறு யாரும் இல்லை.

மறுநாள் நிச்சயதார்த்தம். மதமும் சாதியும் வேறாக இருந்தும் இரு வீடும் மனமொப்பிச் செய்த ஏற்பாடு.

ஜூலி அமெரிக்காவில் கான்ட்ரா என்ற நடனம் பழகியவள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. விருந்தில் இரு வீட்டாரும் ஆடினால் கூச்சம் போகும் என்று எங்களை ஒத்திகைக்கு நிற்கவைத்தாள். கடலூரில் எந்த விசேஷத்திலும் முதலிடம் எங்கள் குடும்பத்துக்கு. நானும் ராணியும் வரிசையின் தலைப்பில், மேலே நின்றோம். அடுத்த ஜோடி கோவிந்தசாமியும் பட்டம்மாளும்.

“சேத்துல நடந்த காலு சம்பந்தி. மிதிச்சா கோச்சிக்காதீங்க,” என்றார் கோவிந்தசாமி.

“மொதல்ல தொப்பைய உள்ள இழுங்க. எதிர் வரிசைய இடிக்குது,” என்றார் பட்டம்மாள்.

முதல் இரண்டு ஜோடிகளும் நடுவில் வலக்கைகளைச் சேர்த்துச் சுற்றவேண்டும். சுற்றியதும் முதல் ஜோடி ஓரிடம் கீழே இறங்கும். இரண்டாவது மேலே ஏறும்.

“நான் ஏன் எறங்கணும்?”

“ஆட்டமே அதாம்பா,” என்றாள் ஜூலி. “அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரங்க ஊர்ல பெரிய மனுஷன் ஜோடிதான் மேல நிக்கும். அவுங்க ஆரம்பிக்கற வரைக்கும் மத்தவங்க சும்மா நிக்கணும். அமெரிக்காவுல போவப்போவ எல்லாரும் ஒண்ணா ஆரம்பிச்சாங்க. இப்படித்தான் பழக்கம் கொஞ்சங்கொஞ்சமா மாறிச்சு.”

“அப்ப பழைய முறையே ஆடுவோம்.”

“பழசுலயும் மேல இருக்கறவங்க எறங்கித்தாம்பா ஆவணும்.”

பாட்டு தொடங்கியது. பட்டம்மாள் சிரித்தபடி கையை நீட்டினார். கை சேர்த்தால் அடுத்தது இறக்கம். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

“எங்க கை அவ்ளோ கேவலமா போச்சாண்ணே?”

“ஒரு எடந்தான் மாமா. திரும்ப மேல வந்துடலாம்,” என்றாள் காயத்ரி மெதுவாக.

“கைய குடுப்பா,” என்றான் ஜெபஸ்டின். 

நான் அசையவில்லை. கோவிந்தசாமி செருப்பை மாட்டிக்கொண்டார். “வா காயத்ரி. தொட்டா தீட்டுன்றவங்க வூட்டுல நீ எப்படிம்மா சோறு துன்னுவ?”

நிச்சயதார்த்தம் நடக்கவில்லை. ஜெபஸ்டின் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான்.

சாதி பார்த்து அந்த அம்மாளின் கையைத் தொட மறுத்தேன் என்று கடலூரில் தேவனாம்பட்டினம் முதல் சிப்காட் வரை பேசுகிறார்கள். அது பொய். நான் மறுத்தது இடத்தை விட்டு இறங்க மட்டுமே.