வெயில் கூடினால் மிஷின் நிற்குமா

தை மாதம் கடை திறந்த நாள் முதல் ஒழுங்காக ஓடிய ஐந்து தையல் மிஷின்களும் ஆனி பிறந்ததும் மக்கர் செய்ய ஆரம்பித்தன. அதுவும் எப்போது? வெயில் மண்டையைப் பிளக்கிற மூன்று மணிக்கு. ஒரு அரை மணி நேரம் அப்படியே நின்றுவிட்டு மறுபடி ஓடும். சூரிய வெளிச்சத்தில் ஓடுகிற மிஷின், வெயில் கூடினால் இன்னும் நன்றாகத்தானே ஓட வேண்டும்? இந்தக் கேள்வி எனக்குச் சோறு இறங்க விடவில்லை.

கதிர்காமத்தில் 2008-இல் கட்டிய கட்டடம் அது. கீழே மருந்துக்கடை, டீக்கடை, பெண்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் தையல் கடை. மேலே இரண்டு அடுக்கு வீடுகள். மொட்டை மாடியில் சோலார் தகடுகள். நடுவில் கிணறு மாதிரி ஒரு காற்றுக்கூண்டு விட்டிருந்தார்கள். சூடெல்லாம் அதன் வழியாக மேலே போய்விடும், மத்தியானத்தில் ஃபேன் இல்லாமலே உட்காரலாம். நான் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு ஏழு வருஷம் கண்ட வேலைக்கும் அலைந்த எனக்கு அந்த இடம் சொர்க்கம்தான்.

ஆனால் கட்டடத்துக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். ஆடி முடிகிற வரை எங்கள் மிஷின்கள் பகலில் சோலாரில் மட்டும் ஓடிக் காட்ட வேண்டும். ஓடினால் கடை எங்களுக்கே. ஓடாவிட்டால் அது மருந்துக்கடைக்கு குடோனாகிவிடும். நிறையக் கரண்ட் இழுக்கிற இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும் சாதாரணக் கரண்டில் தனி பிளக்.

கட்டடத்தைக் கட்டிய இன்ஜினியர் இனியவன் வந்து மீட்டரைப் பார்த்தான். சின்ன வயசு, நல்ல பையன், எல்லாம் தெரியும் என்கிற முகம்.

"மூணு மணிக்கு யாரோ இஸ்திரிப் பெட்டிய சோலார் பிளக்குல சொருவுறாங்க அக்கா. வேற காரணமே இல்ல."

எங்களில் இஸ்திரி போடுகிறவள் தீபலட்சுமி. பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். டீக்கடையில் பத்துப் பேர் நின்று பார்க்க, வாசலிலேயே வைத்துக் கேட்டுவிட்டேன்.

"ஏன்டி, கடைய மூட வெச்சிட்டுத்தான் ஓய்வியா?"

"நான் சொருவல அக்கா."

"பின்ன பேய் வந்து சொருவுச்சா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. இஸ்திரிப் பெட்டி மூலையில் சில்லென்று கிடந்தது. மூன்று அடித்துப் பத்து நிமிஷம் ஆனதும் ஐந்து மிஷினும் ஒன்றாக நின்றன.

அடுத்த நாள் மேகமூட்டம். அன்றைக்கு மிஷின்கள் மெதுவாக ஓடினவே தவிர, மூன்று மணிக்கு நிற்கவில்லை. இது என்ன கூத்து? வெயிலில் நிற்கிறது, மேகத்தில் ஓடுகிறது. வெயில் அடித்தால் இருந்து, மேகம் போட்டால் இல்லாமல் போவது எது?

மூன்றாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டே முக்காலுக்கு மாடியேறி, தகடுகளுக்குப் பக்கத்தில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வடமேற்கு மூலையில் என் திருஷ்டி பொம்மை நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றது. கடை திறந்த புதிதில் வெள்ளைக்காரர்கள் கேமராவும் கையுமாக வந்து பார்த்தார்கள். கண் பட்டுவிடும் என்று துண்டுத் துணியை அடைத்துச் செய்து, மூங்கிலில் கட்டி நிறுத்தினேன். இனியவனைக் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். "வடக்குப் பக்கம் எது வேணா வைங்க அக்கா, அங்கேருந்து தகடு மேல நிழலே விழாது" என்று சொல்லியிருந்தான்.

விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்த பொம்மையின் தலை முதல் தகட்டின் மேல் ஏறியது. காற்றுக்கூண்டு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த மிஷின் சத்தம் நின்றது. மூங்கிலைச் சாய்த்தேன். சத்தம் வந்தது. நிமிர்த்தினேன். நின்றது. நம்ப முடியாமல் நான்கு தடவை செய்து பார்த்தேன். கீழேயிருந்து பெண்கள் கூண்டுக்குள் தலையை விட்டு, என்னக்கா விளையாட்டு என்று கத்தினார்கள்.

மருந்துக்கடை போனிலிருந்து கூப்பிட்டதும் இனியவன் வண்டியில் வந்துவிட்டான். தகட்டின் மேல் விழுந்த நிழலைக் குனிந்து பார்த்தான்.

"தையில சூரியன் தெக்கால இருக்கும். ஆனியில நம்ம ஊரத் தாண்டி வடக்கால வந்துடுது. எனக்கு இது தோணவே இல்ல அக்கா."

"இத்துனூண்டு நிழலுக்கு எல்லாமே நிக்குமா?"

"தகடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கு. ஒண்ணு மங்குனா எல்லாம் மங்கும்."

மில்லில் ஒரு இழை அறுந்தால் தறியே நிற்கும். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அவன் குரலைத் தாழ்த்தினான். "பொம்மைய எடுத்துடலாம் அக்கா. ஆடி வரைக்கும் ஓடிடும், கடை உங்களுக்குத்தான். யாருக்கும் சொல்ல வேணாம். சொன்னா உங்க பொம்மையும் வெளிய வரும், வடக்குல நிழல் விழாதுன்னு நான் சொன்னதும் வெளிய வரும்."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தீபலட்சுமி போன பிறகு மிஷின் சரியாகிவிட்டது என்றல்லவா ஊர் பேசும்?

"எடுக்காத தம்பி. நாளைக்கு மூணு மணி வரைக்கும் இருக்கட்டும். நீயும் வந்துடு."

காலையில் பஸ் ஏறிப் பிள்ளைச்சாவடிக்குப் போனேன். வரமாட்டேன் என்றவளை, வந்து ஒரே ஒரு தடவை பார் என்று கெஞ்சி அழைத்து வந்தேன். மூன்று மணிக்கு மாடியில் அவளும் அந்த நிழல் ஏறுவதைப் பார்த்தாள். அவளே மூங்கிலைச் சாய்த்தாள், நிமிர்த்தினாள், காதைக் கூண்டுப் பக்கம் வைத்துக் கேட்டாள். முகத்தில் சிரிப்புகூட வந்தது.

"தப்பா பேசிட்டேன் தீபா. மன்னிச்சிடு."

சிரிப்பு போய்விட்டது. "என்னைக் கேட்டது வாசல்லக்கா. மாடியில சொன்னா யாருக்குக் கேக்கும்?"

நான் படியிறங்கினேன். அவளும் இனியவனும் பின்னால் வந்தார்கள். டீக்கடையில் அன்றும் பத்துப் பேருக்குக் குறையவில்லை. நான் யாரிடமும் தலைகுனிந்து பேசிப் பழகியவள் இல்லை. இனியவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க," என்றேன். "மிஷின நிறுத்துனது தீபலட்சுமி இல்ல. நான்தான்."