கோல்பி அழுத்திய பொத்தான்

கோல்பி ஸ்ட்ரேஹார்னை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் பெரிய மனசோடு அவன் கையைக் குலுக்குவேன் என்று யாரும் காத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

என் பெயர் ரோண்டா ப்ரூயிட். மேற்கு டெக்சாஸில் எங்கள் ஊரைச் சுற்றி அறுபது மைலுக்குள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். இருபத்திரண்டு வருஷம் அதுதான் என் சோறு. கியர்பாக்ஸைக் கையில் வாங்கினால் அதை ஓட்டியவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவேன். பொறுமைசாலியா, அவசரக் குடுக்கையா, பொய் சொல்கிறவனா, எல்லாம் அந்த எண்ணெயின் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் கோல்பி எழுநூறு குதிரைச் சக்தி பிக்கப் ஒன்று வாங்கினான். நல்ல ரத்தச் சிவப்பு. வாங்கி ஆறு மாதத்தில் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்ற என்னிடம் கொண்டுவந்தான், மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரமே ஆகஸ்ட் வெயிலில் பின்னால் நாலு குதிரைகளை இழுத்துக்கொண்டு மலை ஏறினான். இழுவைக்கென்று அந்த வண்டியில் தனி மோடு இருக்கிறது. ஐயா அதைத் தொடவில்லை. ஸ்போர்ட் மோடில் போட்டுக்கொண்டு போனார், உறுமல் சத்தம் நன்றாக இருக்குமாம்!

ஸ்போர்ட் மோடில் அந்தக் கியர்பாக்ஸ் மேல் கியருக்குச் சுலபத்தில் போகாது. இன்ஜினை உச்சத்திலேயே பிடித்து வைத்திருக்கும். கால் கொஞ்சம் அசைந்தால் கீழே இறங்கும், உடனே மேலே தாவும், மறுபடி இறங்கும். வெறும் வண்டியில் அது சுகம். குதிரைகளோடு மலையில் கொலை. சூடு ஏறிவிட்டது என்று திரையில் எச்சரிக்கை நாற்பத்தொரு நிமிஷம் எரிந்திருக்கிறது. அவன் நிறுத்தவில்லை. மலை உச்சியில் கியர்பாக்ஸ் செத்தது.

ஊருக்கு வந்து என்ன சொன்னான் தெரியுமா? ரோண்டா தப்பான எண்ணெயை ஊற்றிவிட்டாள் என்றான். தேவாலய வாசலில் சொன்னான், தீவனக் கடையில் சொன்னான், முடி வெட்டுகிற இடத்தில்கூடச் சொன்னான். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான எல்லாவற்றையும் அச்செடுத்துக் காட்டினேன். எத்தனை மணிக்கு எந்த மோடு, எவ்வளவு சூடு என்று வரிவரியாக இருந்தது. "இந்த மாதிரி காயிதத்த என் பொண்ணே அடிச்சுத் தருவா மேடம்" என்று சிரித்தான். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். குதிரைப் போட்டி நடத்துகிறவன், ஊர் விருந்தில் முதல் மேசைக்காரன். அவன் பேச்சைத்தானே கேட்பார்கள்.

என் பட்டறையில் ஒன்பது வண்டி நின்ற இடத்தில் இரண்டு நின்றது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என் கூடப்பிறந்த தம்பி வெண்டல் வந்து, "அக்கா, தப்பு யாருக்குத்தான் வராது? ஒத்துக்கிட்டுப் போயேன், பிரச்சினை முடிஞ்சிரும்ல?" என்றான் பாருங்கள், அன்றைக்கு என் வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் அணையவே இல்லை.

வெண்டல் வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுவான். சனிக்கிழமை மத்தியானங்களில், பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் கால் மைல் ஓட்டத்துக்கு மைக்கில் அறிவிப்பு செய்வான். கோல்பி வெளியூரில் புதுக் கியர்பாக்ஸ் மாட்டிக்கொண்டு வந்து, அங்கே பத்துச் சனிக்கிழமை தொடர்ந்து ஜெயித்திருந்தான். பதினோராவது சனிக்கிழமை, என் நாற்பத்தைந்து வருஷத்துப் பழைய பிக்கப்பை எடுத்துக்கொண்டு நானும் போனேன். மூன்றே மூன்று கியர் உள்ள பெட்டி அதில். என் கையால் கட்டியது. ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து, கடைசிச் சுற்றில் அவனுக்கு எதிரே வந்து நின்றேன்.

மாட்டிறைச்சி வாட்டும் கடைப் பக்கம் கூட்டமாக நின்றார்கள். கோல்பி கையில் தட்டோடு என்னைப் பார்த்தான்.

"மேடம், வண்டியில இந்தத் தடவையாவது சரியான ஆயில் இருக்கா? இல்ல சமையல் எண்ணெயா?"

ஹோ என்று சிரிப்பு. நான் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தேன்.

"கோல்பி, ஒரு பந்தயம். நீ ஜெயிச்சா, உன் கியர்பாக்ஸக் கெடுத்தது நான்தான்னு என் பட்டறைப் பலகையில பெரிய எழுத்துல எழுதி மாட்டுறேன். நான் ஜெயிச்சா, வெண்டலோட மைக்க வாங்கி உண்மையச் சொல்லணும். நான் போதும்னு சொல்றவரைக்கும் சொல்லணும்."

"உண்மைன்னா?"

"மலையில நீ என்ன பண்ணுனன்னு. உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்."

அவன் சுற்றிலும் பார்த்தான். அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவன் திமிர் விடுமா? "வெண்டல், எல்லாருக்கும் கேக்குற மாதிரி மைக்கில சொல்லிரு. நாளைக்கு உங்க அக்கா பேச்சு மாறிரக் கூடாது" என்றான். என் தம்பி என் முகத்தைப் பார்க்காமலே பந்தயத்தை அறிவித்தான்.

எங்கள் ஓட்டத்தில் வேகமான வண்டி வைத்திருப்பவன்தான் ஜெயிப்பான் என்று கிடையாது. தன் வண்டி கால் மைலை எத்தனை நொடியில் ஓடும் என்று ஒவ்வொருவரும் வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுத வேண்டும். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப மெதுவான வண்டிக்கு முன்னதாகப் பச்சை விளக்கு விழும். பிறகு யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார்களோ அவருக்கே வெற்றி. ஆனால் எழுதிய நேரத்தைவிட ஒரு இம்மி வேகமாக வந்துவிட்டால், முதலில் வந்தாலும் தோல்விதான். நான் பதினாலு புள்ளி ஆறு பூஜ்யம் எழுதினேன். கோல்பி பதிமூன்று புள்ளி இரண்டு பூஜ்யம் எழுதினான்.

அந்த எண் எனக்கு வேண்டிய எண். வண்டி சாதா மோடில் ஓடும் நேரம் அது. பத்து வாரமும் அவன் சாதா மோடில்தான் ஓட்டினான், கடைசி நூறு அடியில் வேகம் அதிகம் என்று தோன்றினால் பிரேக்கை லேசாகத் தொட்டு, பக்கத்து வண்டிக்கு ஒரு முழம் முன்னால் கோட்டைத் தாண்டுவான். சாதா மோடில் அந்தக் கியர்பாக்ஸ் சோம்பேறி. பிரேக்கைத் தொட்டாலும் மேல் கியரிலேயே மிதந்து போகும். மறுபடி மிதித்தால் எந்தக் கியர் என்று யோசித்துத்தான் இறங்கும். அவன் கால் அந்தச் சோம்பேறித்தனத்துக்குப் பழகிப்போயிருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பத்துச் சனிக்கிழமையும் வேலிக்கு வெளியே நின்று அவன் ஓட்டத்தைப் பார்த்தவள் நான், அவன் காலின் சரித்திரத்தையே வரிவரியாக அச்செடுத்துப் படித்தவளும் நான்.

இரண்டு வண்டியும் வரிசையில் வந்து நின்றன. இனி கண்ணாடியில் எழுதியதை மாற்ற முடியாது. நான் ஜன்னலை இறக்கினேன்.

"கோல்பி! இன்னைக்கும் கடைக்குப் பால் வாங்கப் போற மோடுதானா?"

"உன்ன ஜெயிக்க இதுவே ஜாஸ்தி."

"அது இல்லப்பா. மலையில நடந்ததுக்கு அப்புறம் அந்தப் பொத்தானப் பாத்தாலே உனக்குக் கை நடுங்குதுன்னு நெனச்சேன். நடுங்கட்டும், தப்பில்ல. எழுநூறு குதிரைன்னா எல்லாராலயும் ஓட்ட முடியாதுல்ல."

வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினான். சிவப்பு வண்டியின் குரல் மாறியது. அவன் கணக்கு எனக்குப் புரிந்தது. வேகமாகப் போவோம், இவளைத் தாண்டுவோம், கடைசியில் வழக்கம்போல் பிரேக்கைத் தொட்டுக்கொள்வோம். கெட்டிக்காரன் கணக்கு. வாடா மகனே என்று மனசுக்குள் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வருஷக்கணக்கில் வந்ததில்லை.

எனக்குப் பச்சை விழுந்தது. கிளம்பினேன். என் வண்டி அதன் வயசுக்கு ஏற்ப முக்கிக்கொண்டு, ஆனால் ஒரு பிசகும் இல்லாமல் இரண்டாவது கியருக்குப் போனது. பின்னால் அவன் கிளம்பும் சத்தம் கேட்டது. ஸ்போர்ட் மோடில் ஒவ்வொரு கியர் மாற்றமும் முதுகில் அறைந்த மாதிரி இருக்கும், சத்தத்திலேயே எண்ணிவிடலாம். இரண்டு, மூன்று, நான்கு. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே என் பக்கத்தில் வந்துவிட்டான். ஐந்து. என்னைத் தாண்டினான்.

தாண்டியதும் அவனுக்கே தெரிந்துவிட்டது, இது ரொம்ப வேகம் என்று. கோட்டுக்கு நானூறு அடி இருக்கும்போது பிரேக் விளக்கு எரிந்தது. லேசாகத்தான் தொட்டிருப்பான், பத்து வாரப் பழக்கம். ஆனால் ஸ்போர்ட் மோடில் பிரேக்கைத் தொட்டால், அடுத்து வளைவு வருகிறது, அதைத் தாண்டியதும் முதலாளி பாயப் போகிறான் என்று அந்தக் கியர்பாக்ஸ் நினைத்துக்கொள்ளும். சட்டென்று இரண்டு கியர் இறங்கும், இன்ஜினை உறுமவைத்துத் தயாராகப் பிடித்து நிற்கும். சிவப்பு வண்டி மூக்கைக் கீழே குத்தியது. அவன் நினைத்ததைவிட மூன்று மடங்கு வேகம் குறைந்தது. என் மூன்று கியர் கிழவி அவனை உரசிக்கொண்டு முன்னே போனாள்.

ஜன்னல் வழியே அவன் முகத்தைப் பார்த்தேன். பேயறைந்த முகம். எண், கணக்கு, பிரேக் எல்லாம் மறந்து போய்விட்டது அவனுக்கு. இவளிடமா தோற்பது என்ற ஒன்றுதான் மிச்சம். முழுசாக மிதித்தான்.

கியர்பாக்ஸ் யோசிக்கவில்லை. அது ஏற்கெனவே சரியான கியரில் காத்திருந்தது. எழுநூறு குதிரையும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. என்னைத் தாண்டி, அரை வண்டி நீளம் முன்னால் கோட்டைக் கடந்து, ஜன்னலுக்கு வெளியே முஷ்டியை ஆட்டிக்கொண்டே போனான். கூட்டம் கத்தியது.

ஓடுதளத்தின் முடிவில் திரும்பி வரும்போதுதான் நேரம் காட்டும் பலகையைப் பார்த்தேன். என் பக்கம் பதினாலு புள்ளி ஆறு மூன்று. அவன் பக்கம் பதிமூன்று புள்ளி ஒன்று ஆறு. எழுதியதைவிட நூறில் நான்கு பங்கு நொடி வேகம். ஜெயித்தவருக்கான விளக்கு என் பக்கம் எரிந்துகொண்டிருந்தது. மைக்கில் வெண்டலின் குரல் தடுமாறியது.

"ஜெயிச்சது... ஜெயிச்சது ரோண்டா ப்ரூயிட்."

கோல்பி வண்டியை விட்டு இறங்கியதும் கத்தினான். "மெஷின் தப்பு! நான்தான முன்னால வந்தேன்? எல்லாரும் பாத்தீங்கள்ல?"

"பாத்தோம், பாத்தோம். ரொம்பத்தான் முன்னால வந்துட்ட கோல்பி" என்றார் இறைச்சி வாட்டும் கடைக்காரர். இந்த முறை சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது. அவன் கூட்டாளிகளே சிரித்தார்கள்.

நான் நேராக மேடைக்குப் போனேன். வெண்டல் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோல்பி வந்தான், வராமல் எங்கே போவான், பந்தயத்தை மைக்கில் சொல்லச் சொன்னதே அவன்தானே. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"அந்தக் கியர்பாக்ஸ்... மலையில அது... கொஞ்சம் சூடாயிருச்சு."

"யாரு சூடாக்குனா?" என்றேன்.

"நான்தான்."

"முழுசா சொல்லு. கடைசி வரிசையில உக்காந்திருக்கவங்களுக்குக் கேக்கல."

அவன் தொண்டையைச் செருமினான். "குதிரைய இழுத்துக்கிட்டு ஸ்போர்ட் மோட்ல மலை ஏறுனேன். சூடாகுதுன்னு காட்டுச்சு. நான் நிறுத்தல. ரோண்டா சரியான ஆயில்தான் ஊத்துனாங்க. நான் சொன்னது பொய்."

தீவனக் கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவாலயத்துப் பெண்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்து, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். போதும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இன்னொரு தடவ" என்றேன்.

சொன்னான். அவன் மகள் கூட்டத்தை விட்டு விலகி நடந்து போனாள். வெண்டல் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தான்.

"அக்கா, போதும் அக்கா. அவன் மூஞ்சியப் பாரு. பாவமா இருக்கு."

"ரெண்டு வருஷமா ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சானே வெண்டல். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நீ அவன்கிட்ட போய்ப் போதும்னு சொன்னியா?"

என் தம்பி மைக்கைப் பொத்தியிருந்த கையை மெல்ல எடுத்தான்.

கோல்பி மூன்றாவது முறை சொன்னான்.