கோயிலாழ்வாரில் இரண்டு இட்லி

கமலினியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நாத்தனார் பத்மாஸனி காபி ஆறுவதற்குள் மறுபடி மறுபடி சொல்லிவிட்டாள். தத்து கொடுத்த இடத்தில் பேசினால் வாங்கிக்கொள்வார்களாம். விசாரித்துவிட்டாளாம். வைஜயந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசாரிப்பதில் பத்மாஸனிக்கு ஸ்ரீரங்கத்திலேயே ஈடு கிடையாது. குழந்தை சாப்பிட்டதா, தூங்கியதா என்று மட்டும் ஒரு நாளும் விசாரித்ததில்லை.

வைஜயந்தியின் கணவன் பிரஹலாத் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தமக்கைக்கு ஒரு பக்கம், மனைவிக்கு ஒரு பக்கம் என்று தலையாட்டியே காலத்தை ஓட்டியவன். ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்கப் போகும்போது டாக்டரிடமே கேட்டுவிடலாம் என்று முனகினான். நானும் வருகிறேன் என்று பத்மாஸனி அப்போதே கிளம்பத் தயாராகிவிட்டாள்.

கமலினி ஆறு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள். அதற்கு முன் எத்தனையோ கைகள் அவளைத் தூக்கி, எத்தனையோ கைகள் இறக்கிவிட்டிருந்தன. வந்த புதிதில் என்ன சமர்த்து என்று வீதியே மெச்சியது. அது சமர்த்து இல்லை, பயம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் காலை வைஜயந்தி குளித்துவிட்டு வந்து கோயிலாழ்வாரைத் திறந்தாள். வீட்டுப் பெருமாள் இருக்கும் மர அலமாரிக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். பெருமாள் படத்துக்குப் பின்னால் இரண்டு இட்லி ஒளிந்திருந்தது. சமைத்த அரிசிப் பண்டம் பட்ட இடம் அவர்களுக்குப் பத்து; கழுவித் துடைக்காமல் அங்கே விளக்குக்கூட ஏற்ற மாட்டார்கள். வைஜயந்தி கூச்சல் போட்டாள். இட்லியைக் குப்பையில் எறிந்தாள். அலமாரியை அலம்பு அலம்பென்று அலம்பினாள். குழந்தை சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அழவில்லை.

அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. அணைக்கப் போனால் கடித்தாள். புடவைகளைக் கத்தரித்தாள். வளர வளர எல்லாம் கூடியதே தவிரக் குறையவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேஸைத் திறந்துவிட்ட அன்றுதான், புத்தூரில் குழந்தைகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இல்லத்தில் சேர்த்தார்கள். ஹாஸ்டல் என்று ஊருக்குச் சொன்னது பிரஹலாத். வைஜயந்தி கேட்டவர்களிடமெல்லாம் சிகிச்சை என்றே சொன்னாள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இல்லத்து டாக்டர் விஜயராணி, இட்லி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உங்க வீட்ல யாரும் கண்டபடி கை வைக்காத இடம் அது ஒண்ணுதாங்க. அதைக் கண்டுபிடிச்சு அங்க பத்திரமா வச்சிருக்கா" என்றார். அன்று வைஜயந்தி காவிரிப் பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் தேம்பிக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கமலினி டிபன் தட்டோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கும் வைஜயந்திக்கும் நடுவில் வைஜயந்தியின் கைப்பை. வழக்கம்போல யார் முகத்தையும் பார்க்கவில்லை. முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாகத்தான் வரும், எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். பத்மாஸனி இதற்காகவே காத்திருந்தாள். குழந்தையின் காதில் விழட்டும் என்றே பேசினாள்.

"இத்தனை பண்ணியும் ஒட்டாத குழந்தையை வச்சுண்டு என்ன பண்ணப்போறேள்? விட்டுடுங்கோ."

கமலினியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

வைஜயந்தி எழுந்தாள். "அவ ஒட்டலேன்னா போனாப் போறது, அக்கா. நான் ஒட்டிண்டாச்சு. கடிச்சாலும் என் பொண்ணு, கத்தரிச்சாலும் என் பொண்ணு. டாக்டர், எத்தனை வருஷம் ஆனாலும் ஆகட்டும். நான் வந்துண்டேதான் இருப்பேன்."

டாக்டரைப் பார்த்துப் பிரஹலாத் தலையாட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே பக்கமாக ஆட்டினான். இவர்கள் டாக்டரோடு வாசல்வரை பேசிக்கொண்டு போய்த் திரும்புவதற்குள் கமலினி காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போயிட்டு வாங்கோ என்றுகூடச் சொல்லவில்லை. பார்த்தாயா என்பதுபோல் பத்மாஸனி உதட்டைப் பிதுக்கினாள்.

ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாசலில் நின்று சாவிக்காகக் கைப்பையைத் துழாவினாள் வைஜயந்தி. கையில் ஏதோ மெத்தென்று பட்டது. கமலினியின் கைக்குட்டை. பிரித்தால், உள்ளே இரண்டு இட்லி.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பூட்டைத் திறந்து, பஸ்ஸில் வந்த புடவையோடு, காலைக்கூட அலம்பாமல் நேரே கோயிலாழ்வாரிடம் போனாள். பெருமாள் படத்துக்குப் பின்னால், பழைய இடத்திலேயே, கைக்குட்டையோடு வைத்தாள்.

பத்மாஸனி பின்னாலேயே ஓடிவந்தாள். "பத்துடி அது. நாளைக்கே ஊசிப்போயிடும்."

"ஊசிப்போகட்டும். எறியணும்னா அவ வந்து எறியட்டும். அது வரைக்கும் இதுல யார் கையும் படப்படாது."

சொல்லிவிட்டு, கழுவாமல் துடைக்காமல், விளக்கை ஏற்றினாள்.