சரியான கடவுச்சொல்

அக்காவின் புருஷன் மனுஷனில் சேர்த்தியே இல்லை. ஆபீஸில் எல்லாரும் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, ஒரு தடியனையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டான். கம்ப்யூட்டர் முன்னால் தம்பி மட்டும்தான் இருந்தான். தம்பிக்கு அந்த ஆள் மாமா. நமக்கு அந்த மரியாதையெல்லாம் தேவையில்லை.

புருஷனிடம் அடி தாங்காமல் ஓடிவந்த பெண்களை மறைவாகத் தங்கவைக்கும் காப்பகத்தின் ஆபீஸ் அது. யார் எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கிருந்த சர்வரில் இருந்தது, அக்காவின் முகவரி உள்பட. அந்த சர்வரைப் பார்த்துக்கொள்வதுதான் தம்பியின் வேலை.

அன்று காலைதான் அதன் காவலை மாற்றி அமைத்திருந்தான். அந்த மாதிரி சிஸ்டத்தில் ஆளை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை ஒரே பூட்டு முடிவு செய்வதில்லை. ஒரு ஃபைலில் வரிக்கு ஒரு காவல்காரனாக வரிசையில் நிறுத்திவைக்கலாம். ஒருவன் கடவுச்சொல்லைப் பார்ப்பான், இன்னொருவன் தப்பான முயற்சிகளை எண்ணுவான். மூன்று தடவை தப்பாகப் போனால், கால் மணி நேரத்துக்குச் சரியான சொல்லைப் போட்டாலும் திறக்காது. காரணமும் சொல்லாது, 'தவறு' என்று மட்டும் வரும். திருடனுக்கு எதற்கு விளக்கம் என்று தம்பிதான் அப்படி வைத்தான்.

புருஷன்காரன் முதலில் தானே தட்டிப் பார்த்தான். அக்கா பெயர், கல்யாணத் தேதி, கடைசியில் தன் பெயர். தன்னைத் தவிர உலகத்துக்கு வேறு நினைப்பே இருக்காது என்று நம்புகிற ஜென்மம். மூன்றும் தவறு.

"சொல்லுடா."

"எனக்குத் தெரியாது மாமா."

அறைந்த அறையில் உதடு கிழிந்தது. தடியன் தம்பியின் கையை மேஜை டிராயருக்குள் திணித்து, டிராயரை உதைத்து மூடினான். விரல் முறிகிற சத்தம் தம்பிக்கே கேட்டது. திறந்து, மறுபடியும் உதைத்தான். புருஷன்காரன் டெலிபோனைத் தூக்கி வாயிலேயே போட்டான். முன்பல் இரண்டு தரையில் விழுந்தன. நாற்காலியோடு சாய்த்து விலாவில் மிதித்தார்கள். அதுவரைக்கும் தம்பி சொல்லவில்லை.

தடியன் கத்திரிக்கோலை எடுத்தான். அதன் முனை கண் இமையில் பட்டது.

"சொல்றேன்! சொல்றேன் மாமா!" ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். புருஷன்காரன் ஒவ்வொன்றாகத் தட்டினான்.

தவறு.

"யாருக்குடா காது குத்துறே?"

"சத்தியமா அதுதான் மாமா! பூட்டிக்கிச்சு. கொஞ்சம் பொறுங்க, அதுவா திறந்துடும்."

"பொறுக்கணுமா? போலீஸ் வர்ற வரைக்குமா?"

பொய் சொன்னதற்கு வாங்கிய அடியெல்லாம் அடியே இல்லை. உண்மையைச் சொன்னதற்கு வாங்கினானே, அதுதான் அடி. நாற்காலிக் கால் முறிகிற வரைக்கும் அடித்தார்கள். அவன் அலற அலற அதே எழுத்துகளைத் திருப்பித் திருப்பிச் சொன்னான். அலறல் கேட்டு, கீழே இருந்த அச்சகத்து ஆட்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேரையும் புரட்டி எடுத்துப் போலீஸில் ஒப்படைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அக்கா வந்தாள். காப்பகத்துத் தலைவியம்மா அவள் தோளைப் பிடித்து, "உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்னு கிடந்திருக்கான் உன் தம்பி" என்று கண்ணைத் துடைத்துவிட்டுப் போனார். ஒடிந்த விலாவைவிட அந்தப் பாராட்டுதான் தம்பிக்கு வலித்தது. அவமானத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நான் சொல்லிட்டேன்க்கா," என்றான். "முழுசா சொல்லிட்டேன். பூட்டு விழுந்திருந்ததால நீ தப்பிச்சே. நான் உன்னைக் காட்டிக்கொடுத்துட்டேன்."

அக்கா பாலை ஆற்றுவதை நிறுத்தினாள்.

"அந்த ஆள் அடிச்சப்போ, நான் செய்யாத தப்பையெல்லாம் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டிருக்கேன்டா," என்றாள். "நீ உள்ளதைத்தானே சொன்னே. இந்தப் பக்கம் திரும்பு."